கணிதத் தேர்வு முடிந்தபின் விடைகளை ஒத்துப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் முதலில் காதில் விழுவது "உனக்கு என்ன வந்துச்சு?" என்பதுதான். பத்து நிமிடத்தில் ஒரு கூட்டம் சேரும். யார் குரல் உரத்து ஒலிக்கிறதோ அவர் விடை சரி என்றாகிவிடும். பாதிப் பேர் வாடிய முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள், பிறகு பார்த்தால் அந்த உரத்த குரலே தப்பாக இருக்கும். விடைகளை ஒத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். அதை எப்படிச் செய்தால் பயன் கிடைக்கும் என்பதே இந்தப் பக்கம். ஆப்ஷன் தேர்ந்தெடுக்கும் கேள்விகளும், விடையை எண்ணாக உள்ளிடும் கேள்விகளும் கொண்ட தரப்படுத்தப்பட்ட பொதுத் தேர்வுகளை மனத்தில் வைத்து எழுதியது.

தேர்வு முடிந்த உடனேயே கேள்விகளைப் பற்றிப் பேசலாமா?

அது அந்தத் தேர்வின் விதியைப் பொறுத்தது. எழுதப் போகும் முன்பே படித்துவிடுங்கள். பல நாடுகளில் நடக்கும் பள்ளி இறுதித் தேர்வான ஐபி டிப்ளமோவில், தாள் முடிந்து 24 மணி நேரத்துக்குள் கேள்விகளைப் பற்றி வெளியே பேசக் கூடாது. உலகின் ஒரு மூலையில் எழுதி முடிக்கும்போது இன்னொரு மூலையில் மாணவர்கள் இன்னும் உள்ளேயே போயிருக்க மாட்டார்கள் என்பது காரணம். ஏஎம்சி என்ற அமெரிக்கக் கணிதப் போட்டிகளிலும், அனுமதிக்கப்பட்ட நேரம் வரும்வரை கேள்விகளை வெளியில் விவாதிக்கத் தடை உண்டு. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடி இன்னும் கண்டிப்பானது. கேள்விகளைப் பகிர்வதே விதிமீறல், இடைவேளையிலும் பேசக் கூடாது, மீறினால் மதிப்பெண்ணை ரத்து செய்யலாம். இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் போன்றவற்றில், தேர்வு நடத்தும் அமைப்பே பின்னால் கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் வெளியிட்டுவிடுகிறது, ஆகவே சட்டபூர்வமாக ஒத்துப் பார்க்க அங்கே நிறைய வழி இருக்கிறது.

விதி தடுத்திருந்தால் தடுத்ததுதான். "நாலு பேருக்குள்ளதானே" என்று தொடங்கும் பேச்சு ஸ்கிரீன்ஷாட்டாக மாற அரை மணி நேரம் போதும்.

பேசலாம் என்றால், முதலில் என்ன செய்ய வேண்டும்?

யாரிடமும் பேசும் முன், தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: எந்தப் பாடம், நினைவிலிருக்கும் எண்கள், என்ன கேட்டார்கள், நீங்கள் கொடுத்த விடை. வரியின் ஓரத்தில் ஒரு குறி: "உறுதி", "பாதி", "குத்துமதிப்பு".

இந்த வரிசையை மாற்றாதீர்கள். இன்னொருவர் விடையைக் கேட்டபின் நம் நினைவு அந்தப் பக்கமே சாயும். "ஆமா, நானும் 18தான் போட்டேன்" என்று மனசாரச் சொல்வோம், தேர்வு அமைப்பு வெளியிடும், நாம் பதிந்த விடைகளின் தாள் வந்தபின் பார்த்தால் 12 என்று இருக்கும். பொய் சொல்லவில்லை. கேட்ட எண் நினைவில் குடியேறிவிட்டது. எழுதி வைத்த தாள் இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

"உறுதி" என்று குறித்ததில் எத்தனை தப்பாயிற்று என்பது பின்னால் மிகவும் பயன்படும் தகவல். அந்தக் குறியையும் இப்போதே போட்டால்தான் உண்டு. முடிவு தெரிந்தபின் எல்லாருக்கும் எல்லாமே "எனக்கு அப்பவே சந்தேகம்" ஆகிவிடும்.

நண்பர் "பதினாலாவதுக்கு சி" என்கிறார். நான் பி போட்டேன். தப்பா?

அந்தத் தகவலை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. பல தேர்வுகளில் கேள்விகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும், ஆப்ஷன்களின் வரிசையும் மாறும். சில தேர்வுகளில் எண்களே வேறு. அவருடைய பதினாலாவது கேள்வி உங்களுடைய இருபத்தொன்றாவதாக இருக்கலாம்.

கேள்வி எண்ணையும் ஆப்ஷன் எழுத்தையும் விட்டுவிட்டு, கேள்வியையும் விடையின் மதிப்பையும் சொல்லுங்கள். "உருளையும் கூம்பும் வந்துச்சே, உயரம் 9ன்னு, கன அளவு கேட்டான், எனக்கு 108 பை." இப்படிப் பேசினால்தான் இருவரும் ஒரே கேள்வியைப் பற்றிப் பேசுகிறோமா என்பதே தெரியவரும். சண்டையாக வளரும் வேறுபாடுகளில் பல இந்த இடத்திலேயே தீர்ந்துபோகும். "முதல்ல கேள்வி என்னன்னு சொல்லு" என்ற ஒரு வரியை மட்டும் பழக்கிக்கொண்டால் இந்தப் பக்கத்தின் பாதிப் பயன் கிடைத்துவிட்டது.

கேள்வி ஒன்றுதான், எண்களும் ஒன்றுதான். ஆனாலும் விடை வேறு. யாருடையது சரி?

இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அவற்றுக்கிடையே என்ன உறவு என்று பாருங்கள். தவறு எங்கே நடந்தது என்பதை அந்த உறவே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

வித்தியாசம் சரியாக 1 என்றால், எண்ணிக்கையின் ஓரத்தில் ஒருவர் வழுக்கியிருக்கிறார். "100-க்குக் குறைவான 4-இன் மிகை மடங்குகள்" 24, "100 வரை உள்ள 4-இன் மிகை மடங்குகள்" 25. தேர்வில் எந்தச் சொல் இருந்தது என்பதுதான் வழக்கு. 7 முதல் 31 வரை எத்தனை முழு எண்கள் என்றால் 31 − 7 = 24 என்று நிறுத்தியவரும், 1 கூட்டி 25 சொன்னவரும் இருப்பார்கள். இரண்டு முனைகளும் சேர்த்தி என்றால் 25.

ஒன்று மற்றதன் இரு மடங்கு என்றால் விட்டம்–ஆரம், முக்கோணப் பரப்பின் அரை, அல்லது வரிசை முக்கியமா இல்லையா என்ற சேர்மானக் கணக்கு. 6 பேரில் 2 பேரைத் தேர்ந்தெடுத்தால் 15. அதே 2 பேரில் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர் என்றால் 30. நான்கு மடங்கு வித்தியாசம் வந்தால் ஆரத்துக்குப் பதில் விட்டத்தை வர்க்கப்படுத்தியிருக்கலாம்.

இரண்டையும் கூட்டினால் 1 வருகிறதா? நிகழ்தகவில் ஒருவர் "நிகழும்" என்பதற்கும் இன்னொருவர் "நிகழாது" என்பதற்கும் விடை கண்டிருக்கிறார். கூட்டினால் 180 அல்லது 90 வந்தால் வேறு கோணத்தைக் கண்டிருக்கிறார். பெருக்கினால் 1 என்றால் விகிதம் தலைகீழ். 100 மடங்கு என்றால் சதவீதம், 60 மடங்கு என்றால் மணியும் நிமிடமும். குறி மட்டும் மாறியிருந்தால் கழித்த வரிசையையும் அடைப்புக்குறியின் முன்னிருந்த கழித்தல் குறியையும் பாருங்கள்.

இவை எதிலும் அடங்காவிட்டால், ஒருவர் பாதி வழியில் நின்றிருக்கலாம். கேட்டது "2க + 1-இன் மதிப்பு". க-வைக் கண்டதும் சந்தோஷத்தில் அதையே குறித்துவிட்டார். இது அறியாமையால் வருவதில்லை, அவசரத்தால் வருவது. தேர்வு அமைப்பாளர்களும் அந்த க-வின் மதிப்பை ஓர் ஆப்ஷனாக வைத்திருப்பார்கள்.

தீர்த்து வைக்க வேறு வழி? இருவருமே தங்கள் வழிமுறை சரி என்கிறார்கள்.

வழிமுறையை வாதாடிக்கொண்டிருப்பதைவிட, விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஓர் உதாரணம்: √(க + 7) = க − 5 என்ற சமன்பாட்டின் மெய்த் தீர்வுகளின் கூட்டுத்தொகை கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 11 என்கிறார், இன்னொருவர் 9 என்கிறார்.

இருபுறமும் வர்க்கப்படுத்தினால் க + 7 = க² − 10க + 25. அதாவது க² − 11க + 18 = 0. மூலங்கள் 2, 9. கூட்டினால் 11. முதலாமவர் இங்கே நிறுத்திவிட்டார், அவர் செய்த ஒவ்வொரு வரியும் சரியாகவே தெரியும். இப்போது திருப்பிப் போடுங்கள். க = 9: இடப்பக்கம் √16 = 4, வலப்பக்கம் 4. பொருந்துகிறது. க = 2: இடப்பக்கம் √9 = 3, வலப்பக்கம் −3. பொருந்தவில்லை. வர்க்கப்படுத்தியபோது உள்ளே புகுந்த போலி மூலம் அது. ஆகவே 9.

திருப்பிப் போட முடியாத கேள்விகளும் உண்டு. எண்ணிக்கைக் கேள்வி என்றால் எண்களைச் சிறிதாக்கிப் பாருங்கள்: 10 பேருக்குப் பதில் 3 பேர் என்று வைத்து, எல்லாவற்றையும் கையால் எழுதி எண்ணுங்கள். யாருடைய சூத்திரம் அந்தச் சிறிய எண்ணிக்கையைத் தருகிறதோ அவர் பக்கம் நியாயம் கூடுகிறது. வடிவியல் என்றால் அளவெடுத்து ஒரு படம். விடை 30 பாகையா 60 பாகையா என்பதை அதுவே சொல்லிவிடும். சராசரி என்றால் எல்லைகளைப் பாருங்கள். போகும்போது மணிக்கு 40, அதே தூரம் திரும்பும்போது 60 என்றால் சராசரி வேகம் 40-க்கும் 60-க்கும் நடுவே இருந்தாக வேண்டும். 40-இல் அதிக நேரம் செலவாவதால் 50-க்குக் கீழே இருந்தாக வேண்டும். சரியான விடை 48.

எனக்கு (√6 + √2)/4, அவளுக்கு √(2 + √3)/2. யாரோ ஒருவர் தப்புதானே?

இல்லை, இரண்டும் ஒன்றே. முதலாவதை வர்க்கப்படுத்தினால் (8 + 2√12)/16 = (2 + √3)/4. இரண்டாவதின் வர்க்கமும் அதுவே. இரண்டும் மிகை எண்கள், ஆகவே சமம்.

வடிவம் வேறாகத் தெரிந்தால் முதலில் மூன்று தசம இடம்வரை மதிப்புப் போடுங்கள். இங்கே இரண்டுமே 0.966. தசமத்தில் வேறுபட்டால் நிச்சயம் வேறு எண்கள். ஒத்துப்போனால் இயற்கணிதத்தால் உறுதி செய்யுங்கள். தொகையீட்டில் இன்னொரு வகை ஏமாற்றம் இருக்கிறது: ஒருவருக்கு சைன் வர்க்கம், இன்னொருவருக்கு கழித்தல் கொசைன் வர்க்கம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 1 என்ற மாறிலிதான், அது தொகையீட்டு மாறிலிக்குள் போய்விடும். இரண்டும் சரி.

பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒரே விடை. அதுதானே சரியாக இருக்கும்?

சுலபமான கேள்வி என்றால் பெரும்பாலும் ஆம். கடினமான கேள்வி என்றால் அந்த எட்டை நம்பிவிடாதீர்கள். எல்லாரும் ஆளுக்கொரு வழியில் தவறினால் தவறான விடைகள் சிதறியிருக்கும், அப்போது ஒத்த விடைக்கு மதிப்பு உண்டு. கணிதத்தில் தவறுகள் அப்படிச் சிதறுவதில்லை, ஒரே பள்ளத்தில் விழுகின்றன. விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் "பழைய விலை" என்று சொல்பவர்கள் எல்லாரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். உண்மையில் 1.2 × 0.8 = 0.96, 4 சதவீதம் குறைந்திருக்கும். ஒரே ஆசிரியரிடம், ஒரே குறுக்குவழியைக் கற்றவர்கள் என்றால் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு சாட்சிக்குச் சமம்.

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைப்பதும் இதனால்தான் பயன் தருவதில்லை. முதல் மூன்று வாக்கு எங்கே விழுகிறதோ, மீதி அங்கேயே போய்ச் சேரும். ஒவ்வொருவரும் தன் தாளில் எழுதியதை ஒரே நேரத்தில் காட்டுங்கள். எண்ணிக்கையில் குறைந்தவரை முதலில் விளக்கச் சொல்லுங்கள்.

அதிகாரபூர்வ விடைக்குறிப்பே தவறாக இருக்க முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. 1982 மே மாதம் நடந்த எஸ்ஏடி தேர்வில் ஒரு கேள்வி: சிறிய வட்டத்தின் ஆரம் பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறியது பெரியதைச் சுற்றி உருண்டு, தொடங்கிய இடத்துக்கு வரும்போது எத்தனை முறை சுழன்றிருக்கும்? சுற்றளவு மூன்று மடங்கு, ஆகவே 3 என்பது தேர்வு அமைப்பின் விடை. சரியான விடை 4. ஆப்ஷன்களில் 4 இல்லவே இல்லை. சுமார் 3 லட்சம் பேர் எழுதிய தேர்வு அது, தவறு என்று எழுதி அனுப்பியவர்கள் மூன்றே மாணவர்கள். கேள்வியை நீக்கி, எல்லாருக்கும் மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிட்டார்கள்.

இதை மேசையிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்களை எடுங்கள். ஒன்றை அசையாமல் பிடித்து, மற்றதை அதன் விளிம்போடு வழுக்காமல் உருட்டுங்கள். சுற்றளவு சமம், ஆகவே ஒரு சுழற்சி என்று தோன்றும். நாணயத்தில் உள்ள தலையைக் கவனியுங்கள். பாதி வழி போகும்போதே அது ஒருமுறை முழுதாகச் சுழன்று நேராக நிற்கும். முழு வட்டத்துக்கு 2. உருளும் வட்டத்தின் மையம் போகும் பாதை, இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகையை ஆரமாகக் கொண்ட வட்டம். அந்தப் பாதையின் நீளத்தை உருளும் வட்டத்தின் சுற்றளவால் வகுத்தால் சுழற்சிகளின் எண்ணிக்கை. எஸ்ஏடி கேள்வியில் 3 + 1 = 4.

அதற்கு முன்பே, 1980 அக்டோபரில் நடந்த பிஎஸ்ஏடி என்ற எஸ்ஏடிக்கு முந்தைய முன்னோட்டத் தேர்வில், எல்லா விளிம்புகளும் சமமான ஒரு சதுரப் பிரமிடையும் ஒரு நான்முகியையும் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட உரு) முக்கோண முகங்கள் ஒட்டுமாறு சேர்த்தால் எத்தனை முகங்கள் வெளியே தெரியும் என்று கேட்டார்கள். 5 + 4 − 2 = 7 என்பது விடைக்குறிப்பு. ஃப்ளோரிடா மாணவர் ஒருவர் 5 என்று எழுதியிருந்தார், அவர்தான் சரி. ஒட்டும் விளிம்பில் பிரமிடின் இருமுகக் கோணம் (அடுத்தடுத்த இரண்டு முகங்களுக்கு இடையிலான கோணம்) சுமார் 109.47 பாகை, நான்முகியுடையது சுமார் 70.53 பாகை. கூட்டினால் 180. ஆகவே இரண்டு இடங்களில் பக்கத்துப் பக்க முகங்கள் ஒரே தளமாகிவிடுகின்றன. 7-இல் 2 குறைகிறது.

இந்த இரண்டு கதைகளும் அரிது என்பதற்காகவே நினைவிலிருக்கின்றன. உங்கள் விடையும் விடைக்குறிப்பும் மோதினால் முதல் சந்தேகம் உங்கள் மேல் இருக்கட்டும். மூன்று முறை சரிபார்த்தும் உங்கள் விடை அசையவில்லை என்றால் தயங்காமல் எழுதிப் போடுங்கள்.

ஆட்சேபம் எப்படி எழுதுவது?

முதலில், சரியான கேள்விக்குத்தான் எழுதுகிறீர்களா என்று பாருங்கள். ஜேஇஇ மெயின் போன்ற கணினித் தேர்வுகளில் விடைக்குறிப்பு கேள்வி எண்ணால் வராது. கேள்வி அடையாள எண், ஆப்ஷன் அடையாள எண் என்று நீளமான எண்களாக வரும். உங்கள் பதிவான விடைத்தாளில் உள்ள அதே அடையாள எண்ணோடு ஒப்பிட வேண்டும். "என் விடையெல்லாம் தப்பாகக் காட்டுகிறது" என்று பதறுபவர்களில் பலர் ஆப்ஷன் 2-ஐத் திரையில் இரண்டாவதாக இருந்ததோடு ஒப்பிட்டவர்கள்.

பிறகு, தவறு எந்த வகை என்று ஒரே வரியில் சொல்லுங்கள்: குறித்த ஆப்ஷன் தவறு, இரண்டு ஆப்ஷன்கள் சரி, எதுவுமே சரியில்லை, தரவு போதவில்லை, இரு மொழித் தாளில் இரண்டு மொழிபெயர்ப்பும் ஒத்துவரவில்லை. அதன்கீழ் முழுத் தீர்வு, ஒரு படிகூட விடாமல். முடிந்தால் திருப்பிப் போட்டுச் சரிபார்த்ததையும் சேருங்கள். வரையறை சார்ந்த சிக்கல் என்றால் (0 இயல் எண்ணா, சதுரம் செவ்வகமா போன்றவை) அங்கீகரித்த பாடநூலின் பக்கத்தை இணையுங்கள். "எல்லா கோச்சிங் சென்டரும் இதைத்தான் சொல்கிறது" என்பது சான்றாகாது. கடைசி நாளைக் கவனியுங்கள். ஆட்சேபத்துக்கான அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான்.

விடையை எண்ணாக உள்ளிடும் கேள்வி. கணக்குச் சரி, உள்ளிட்ட விதம் சரியா?

இதைத் தனியாக ஒத்துப் பாருங்கள், ஏனென்றால் சரியான கணக்கும் இங்கே பூஜ்யமாகலாம். எஸ்ஏடியில் மிகை எண்ணுக்கு 5 இடம், குறை எண்ணுக்குக் கழித்தல் குறியோடு 6 இடம். 2/3 என்ற விடைக்கு 2/3, .6666, .6667, 0.666, 0.667 எல்லாம் ஏற்கப்படும். 0.66, 0.67, .67 ஏற்கப்படாது, இடம் இருக்கும்வரை நிரப்ப வேண்டும். மூன்றரையைக் கலப்பு எண்ணாக உள்ளிட்டால் 31/2, அதாவது முப்பத்தொன்றின் கீழ் இரண்டு என்று படிக்கப்படும். 7/2 அல்லது 3.5 என்று போட்டிருக்க வேண்டும். "உனக்கு என்ன வந்துச்சு?" என்பதோடு "எப்படி டைப் பண்ணின?" என்றும் கேளுங்கள்.

ஒத்துப் பார்த்ததை வைத்து மதிப்பெண் கணக்கிடலாமா?

ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள், மேல் எல்லையும் கீழ் எல்லையும் சொல்லுங்கள். ஜேஇஇ மெயின் கணிதப் பகுதியில் 25 கேள்விகள், சரிக்கு 4, தவறுக்கு −1. உங்கள் கணக்கில் 16 நிச்சயம் சரி, 2 நிச்சயம் தவறு, 4 சந்தேகம், 3 விட்டது என்றால்: சந்தேகம் நான்கும் சரியானால் 20 × 4 − 2 = 78. நான்கும் தவறானால் 16 × 4 − 6 = 58. இடையே 20 மதிப்பெண் இருக்கிறது. வீட்டில் கேட்டால் "58-இலிருந்து 78 வரை" என்று சொல்வதே நேர்மை, பின்னால் வருத்தமும் குறையும்.

விட்டதற்கு என்ன விதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஎம்சி 10, 12-இல் சரிக்கு 6, விட்டதற்கு 1.5, தவறுக்கு 0. அங்கே விட்டதையும் தவறையும் ஒன்றாக எண்ணிக்கொண்டால் கணக்கு கெடும்.

அவன் வேறு ஷிஃப்ட்டில் (வேறு வேளையில், வேறு கேள்வித்தாளோடு) எழுதினான். எங்கள் மதிப்பெண்களை ஒப்பிடலாமா?

தனித்தனிக் கேள்விகளைப் பேசிக் கற்கலாம், மொத்தத்தை ஒப்பிடுவது வீண். ஜேஇஇ மெயினில் பெர்சன்டைல் என்பது, அந்த ஷிஃப்ட்டில் எழுதியவர்களில் உங்கள் மதிப்பெண்ணோ அதற்குக் கீழோ பெற்றவர்கள் எத்தனை சதவீதம் என்பது. உதாரணத்துக்கு ஒரு லட்சம் பேர் எழுதிய ஷிஃப்ட்டில் 97,000 பேர் 180-ஓ அதற்குக் கீழோ எடுத்திருந்தால் 180 என்பது 97 பெர்சன்டைல். சுலபமான இன்னொரு ஷிஃப்ட்டில் அந்த எண்ணிக்கை 95,500 என்றால், அதே 180 அங்கே 95.5தான்.

டிஜிட்டல் எஸ்ஏடியில் இன்னும் விலகல். கணிதம் 22 கேள்விகள் கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். முதல் பகுதியில் எப்படிச் செய்தீர்களோ அதற்கேற்ப இரண்டாவது பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். ஒவ்வொரு பகுதியிலும் 2 கேள்விகள் மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள். எவை என்று தெரியாது. பக்கத்து இருக்கைக்காரரும் நீங்களும் தலா 5 தவறு செய்தாலும் மதிப்பெண் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. "இரண்டாம் பகுதி சுலபமா இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் அதை வைத்து அவருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். நன்றாகப் படித்தவருக்குக் கடினமான பகுதியும் சுலபமாகத் தெரியும்.

கேள்வியை நினைவிலிருந்து டைப் செய்து ஏஐ செயலியில் கேட்டால்?

நீங்கள் எழுதிய கேள்விக்கு அது விடை சொல்லும். தேர்வில் வந்த கேள்விக்கு அல்ல. "குறைந்தபட்சம் ஒன்று" என்பது "சரியாக ஒன்று" என்று மாறினால் விடையே வேறு. இரண்டு பேர் தனித்தனியாக நினைவுகூர்ந்து எழுதிய வாசகம் ஒத்துப்போன பிறகு கேளுங்கள். வந்த விடையையும் மேலே சொன்னபடி திருப்பிப் போட்டுப் பாருங்கள். அழகாக எழுதிய தீர்விலும் நடு வரியில் குறி மாறியிருக்கலாம்.

நாளைக்கு இன்னொரு தாள் இருக்கிறது. இன்று ஒத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். உங்கள் பட்டியலை எழுதி மடித்து வையுங்கள், கடைசித் தாள் முடிந்த மாலை பிரியுங்கள். இன்றைய தாளில் மாற்ற ஒன்றுமில்லை, நாளைய தாளில் இழக்க நிறைய இருக்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு: நாளையும் பயன்படும் நடைமுறைத் தகவல், அதாவது கால்குலேட்டர் எந்த நிலையில் (பாகையா ரேடியனா) இருந்தது, நேரம் எங்கே போனது என்பவை. அவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தோழி பேசவே விரும்பவில்லை. கூட்டத்தில் எல்லாரும் கேட்கிறார்கள்.

விட்டுவிடுங்கள். "இப்ப பார்க்கலாமா, அப்புறம் பார்க்கலாமா?" என்று ஒருமுறை கேட்டால் போதும். அவர் காதில் விழும்படி விடைகளைக் கத்தாமல் இருப்பதும் அதில் அடங்கும். நீங்களே அந்த நிலையில் இருந்தால் "கடைசித் தாள் முடிஞ்சு சொல்றேன்" என்று நகர்ந்துவிடலாம், அதில் குறை ஒன்றுமில்லை.

தப்பு எவை என்று தெரிந்துவிட்டது. அவற்றை என்ன செய்வது?

ஒவ்வொன்றையும் தீர்வைப் பார்க்காமல் வெறுந்தாளில் மறுபடி செய்யுங்கள். இம்முறை சரியாக வந்தால் அது கவனத் தவறு அல்லது நேரத் தவறு. எந்த வரியில் நடந்தது என்று குறியுங்கள். மறுபடியும் வரவில்லை என்றால் பாடமே தெரியவில்லை, அங்கே படிக்க வேண்டும். "சில்லி மிஸ்டேக்" என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே பையில் போடாதீர்கள். கழித்தல் குறியை மூன்று முறை தொலைத்தவருக்கு வேண்டியது அடைப்புக்குறியைத் தனி வரியில் பிரித்து எழுதும் பழக்கம். கேட்டதைப் படிக்காமல் க-வோடு நின்றவருக்கு வேண்டியது, கடைசி வாக்கியத்தை முதலில் அடிக்கோடிடும் பழக்கம்.

"உறுதி" என்று குறித்துத் தவறியவற்றை முதலில் எடுங்கள். அவற்றைத்தான் அடுத்த முறையும் சரிபார்க்காமல் தாண்டிப் போவீர்கள்.

பதிவான விடைத்தாள் வந்துவிட்டது. நான் போட்ட விடை அதில் வேறாக இருக்கிறதே?

பெரும்பாலும் நினைவுதான் ஏமாற்றியிருக்கும், அதனால் முதல் நாள் எழுதிய பட்டியலோடு பாருங்கள். குமிழ்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாள் என்றால், ஓரிடத்திலிருந்து தொடர்ச்சியாக எல்லாமே ஒரு வரி தள்ளிப் போயிருக்கிறதா என்று சோதியுங்கள்: உங்கள் 13-ஆவது விடை 12-இல், 14-ஆவது 13-இல் என்று. நடுவில் ஒரு கேள்வியை விட்டுவிட்டுக் குமிழை விடாமல் நிரப்பினால் இப்படி ஆகும், அதற்கு யாரும் மதிப்பெண் தர முடியாது. கணினித் தேர்வு என்றால், ஆப்ஷனைத் தொட்டுவிட்டுச் சேமிக்காமல் கேள்விப் பட்டியலில் வேறு எண்ணைத் தொட்டு நகர்ந்தீர்களா என்று யோசியுங்கள். ஜேஇஇ மெயின் திரையில் விடையைச் சேமித்து "மறுபார்வைக்கு" என்று குறித்தது மதிப்பீட்டில் சேரும்; விடை தேர்ந்தெடுக்காமல் அப்படிக் குறித்தது சேராது. இவை எதுவும் இல்லை, பட்டியலும் ஒத்துவரவில்லை என்றால், பதிவான தாளின் நகலைச் சேமித்துக்கொண்டு, கேள்வி அடையாள எண்ணைக் குறிப்பிட்டு, ஆட்சேப அவகாசம் முடியும் முன் எழுதிக் கேளுங்கள்.